உறைக்குள் முப்பத்தொரு புள்ளடி

உங்கள் சங்கத் தலைவரை எப்படித் தெரிவு செய்கிறீர்கள்? ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டுவார்கள், ‘ஏகமனதாக’ என்று குறிப்பேட்டில் ஏறும். அப்படித்தானே?

நோர்வேயில், ஸ்டோவ்னர் தமிழ்ச் சங்கத்தில் சின்னராசா பதினொரு ஆண்டுகள் அந்தக் கைதட்டலால் தலைவராக இருந்தார். வெஸ்ட்லி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்யும் சத்தியபாமா ஒருமுறை பொதுக்கூட்டத்தில் எழுந்து, “ஏன் எப்பவும் நீங்களே?” என்று கேட்டார். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவரை மண்டப வாசலிலேயே மறித்தார்கள்.

“அங்கத்தவர் பட்டியலிலை உம்மடை பேர் இல்லை, தங்கச்சி.”

“ஆர் வெட்டினது?”

“ஒருத்தரும் வெட்டேல்லை. விடுபட்டுப் போச்சுது.” சின்னராசா சிரித்தார்.

வீடு திரும்பியவரிடம், “கடவுள் பாத்துக்கொள்ளுவார்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அவர் பதினொரு வருசமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்!”

அன்றே சத்தியபாமா மெல்பேர்னிலிருக்கும் தங்கை மயூராவிடம் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார். மயூரா அங்கே தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் வேலை பார்ப்பவர்.

“இஞ்சை பேர் பதியாட்டித்தான் குற்றம், அக்கா. வாக்குப் போடாட்டித் தண்டம். பட்டியலிலை பேரைக் காணேல்லை எண்டாலும் ஆளைத் திருப்பி அனுப்பமாட்டம். சீட்டை உறைக்குள்ளை ஒட்டி, வெளியிலை பேரும் கையெழுத்தும் வாங்குவம். பிறகு விசாரிச்சு, உரிமை இருந்தால் எண்ணுவினம்.”

சத்தியபாமாவுக்கு ஆயுதம் கிடைத்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் வீடு வீடாக ஏறினார். இன்னும் முப்பது பேர் ‘விடுபட்டிருந்தார்கள்’. ஒவ்வொருவரும் எப்போதோ ஒரு கேள்வி கேட்டவர்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில், தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட தக்ஷாயினி எழுந்தார். “எழுத்திலை வாக்கெடுப்பு வேணும். ஒரு அங்கத்தவர் கேட்டாலே குடுக்கோணும் எண்டு சங்கத்தின்ரை யாப்பு விதியிலை கிடக்கு. நீங்கள்தானே எழுதினது, அண்ணை?”

மண்டபத்தில் இருந்தவர்கள் வாக்களித்தார்கள். சின்னராசாவுக்கு நாற்பது, தக்ஷாயினிக்கு இருபத்திரண்டு. அப்போது சத்தியபாமா உள்ளே வந்து முப்பத்தொரு உறைகளை மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாக்குச் சீட்டு; வெளியே பெயரும் கையெழுத்தும், குத்திய பழைய அங்கத்தவர் அட்டையும். “அவுஸ்திரேலியாவிலை பேர் விடுபட்டவை இப்பிடித்தான் வாக்குப் போடுவினம்” என்றார்.

“இது என்ன அவுஸ்திரேலியாவோ?” சின்னராசா கத்தினார்.

“அங்கையெண்டால் உங்களைப் பட்டியலைத் தொடவே விட்டிருக்கமாட்டினம்.”

சபை வெட்கப்பட்டது. அட்டைகளைச் சரிபார்த்து, உறைகளைப் பிரிக்கச் சொன்னது. முப்பத்தொன்றிலும் புள்ளடி தக்ஷாயினிக்கே; ஐம்பத்து மூன்று வாக்குகளோடு அவரே தலைவரானார்.

“விடும் தங்கச்சி, பழசை மறப்பம்” என்று சின்னராசா கை நீட்டினார். சத்தியபாமா அந்தக் கையில் பேனாவை வைத்தார். முப்பத்தொரு பெயரையும் அவரே பட்டியலில் எழுதி முடிக்கும்வரை, சத்தியபாமா பக்கத்திலேயே நின்றார். ஒரு எழுத்துப் பிழைத்தபோதும் திரும்ப எழுதவைத்தார்.

பழிவாங்கல்தான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நீங்கள் நாளைக்கே உங்கள் சங்கத்தின் யாப்பைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். தர மறுத்தால், மறுத்தவரின் பெயரை எழுதி வையுங்கள்.