தம்பி பெண்சாதியின் இரத்தம்

எங்கள் வீட்டு அடுப்பில் மச்சம் ஏறியதில்லை. மீனும் இல்லை, முட்டையும் இல்லை. இருபத்தாறு வயதில் தாலி இழந்து தம்பி வீட்டோடு வந்தபின் அந்த அடுப்பு என் கையில். சைவச் சாப்பாடு எண்டால் கோப்பாயிலை அந்த வீடுதான் என்று சனம் சொல்லும்போது நான் நிமிர்ந்துதான் நடப்பேன். அந்த நிமிர்வு என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்தில் பிழை வரலாம், நடந்ததில் வராது.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி. தம்பி பெண்சாதி ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள்.

"என்ன பிள்ளை, வழியிலை ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனி?" என்று குத்துவேன். அவள் சிரிப்பாள். உதடு வெளுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தாலும் பிள்ளை நிறமாய் வருகிறாள் என்றுதான் நினைத்திருப்பேன்.

ஒருநாள் வாளியோடு விழுந்தாள். தம்பி வண்டிலில் ஏற்றி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நானும் போனேன்.

டாக்குத்தர் அம்மா அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தா. விரல் நுனியில் ஊசியால் குத்தி ஒரு சொட்டை மை ஒற்றுகிற தாளில் எடுத்தா. ஒரு அட்டையில் சிவப்பு நிறம் வரிசையாக அச்சடித்திருந்தது. மேலே வெளிறல், கீழே போகப்போகக் கடும் சிவப்பு. அவளுடைய சொட்டு மேலிருந்து மூன்றாவது கட்டத்தோடு ஒத்துப்போனது. வித்தியாசம் காட்ட என் விரலையும் குத்தினா. என்னுடையது கடைசிக்கு முந்தின சிவப்பு. சொல்ல வெட்கம், எனக்கு அது பெருமையாக இருந்தது.

இரத்தம் என்றால் ஒரே பொருள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். நேர்ஸ் பிள்ளை ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். காலையில் யாரிடமோ எடுத்து நிற்கவிட்ட இரத்தம். அடியில் சிவப்பு இறுகிக் கிடந்தது. மேலே வெந்தயம் ஊறிய தண்ணீர்போல மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் பாலாடைபோல மெல்லிசாய் ஒரு வெள்ளை.

"இந்தச் சிவப்பு மணியள்தான், அக்கா, நாங்கள் இழுக்கிற மூச்சை உடம்பெல்லாம் சுமந்துகொண்டு போறது. வெள்ளை, கிருமியோடை சண்டை பிடிக்கிறது. அதிலும் சின்னன் ஒண்டு இருக்கு, காயம் பட்டால் உறைய வைச்சு அடைக்கிறது. மஞ்சள் தண்ணியிலைதான் எல்லாம் மிதந்து ஓடுது. சாப்பாட்டுச் சத்தும் அதோடைதான் போகுது. இவவுக்குச் சிவப்புக் காணாது. சுமக்க ஆளில்லாட்டி மூச்சு எப்பிடிப் போய்ச் சேரும்?"

நான் குத்திப் பேசிய பேச்செல்லாம் அந்த இடத்தில் எனக்கு நினைவு வந்தது.

ஆட்டு ஈரலை நாளாந்தம் சாறாகக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னா டாக்குத்தர் அம்மா. இல்லாவிட்டால் பிள்ளை பிறக்கும்போது போகிற இரத்தத்தை இவள் தாங்கமாட்டாள் என்றும் சொன்னா.

வண்டிலில் அவள் அழுதாள். சிவதீட்சை பெற்றவள், மச்சம் தொடக் கூடாதவள். "மச்சாள், நான் எப்பிடி அதை வாயிலை வைக்கிறது?"

"வயித்திலை இருக்கிறதுக்காகக் குடி," என்றான் தம்பி. "மூக்கைப் பொத்திக்கொண்டு குடி. அக்கா காய்ச்சித் தருவா."

தம்பி ஈரலைப் பூவரசம் இலையில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். பிரித்துப் பார்த்தேன். இதையா என் சட்டியில் போடுவது? வாழையடியில் குழி கிண்டித் தாட்டேன். சிவப்புத்தானே வேண்டும்? வேலியோரம் சிவப்பு முளைக்கீரை நின்றது. அவித்து மசித்து, மிளகும் உள்ளியும் இடித்துப் போட்டு, உளுத்தம்மா கரைத்துத் தடிப்பாக்கினேன். அவள் ஈரலைக் கண்டவளும் இல்லை, அதன் மணம் அறிந்தவளும் இல்லை. "சிவனே" என்று கண்ணை மூடிக் குடித்தாள். பிறகு பத்துத்தரம் வாய் கொப்பளித்தாள்.

அன்றைக்கு ஒருநாள் மட்டும் என்றுதான் தொடங்கினேன். நான்கு மாதம் செய்தேன். வாழையடியைக் கிண்டிக் கிண்டிப் பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் இரத்தம் ஊறியது.

இடையில் ஒருக்கால் ஆஸ்பத்திரியில் திரும்பவும் குத்திப் பார்த்தார்கள். ஒரேயொரு கட்டம் ஏறியிருந்தது.

"ஈரல் ஒழுங்காக் குடுக்கிறியளோ?"

"ஓம்," என்றேன். அவளும் குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறவள்போலத் தலையைக் குனிந்து ஆட்டினாள்.

ஆம்பிளைப் பிள்ளை, நலமாகப் பிறந்தது. அவளுக்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தாள். நான் கால்மாட்டில் நின்றேன். டாக்குத்தர் அம்மா வந்த நேரமெல்லாம் உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் தப்பியது தெய்வச் செயல், என் செயலில்லை. எழும்பி நடமாட ஆறு மாதம் சென்றது.

பிள்ளைக்கு முதல் சோறு தீத்தக் கோயிலுக்குப் போனோம். வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"நீங்கள் கொண்டு போங்கோ மச்சாள். மச்சம் திண்ட உடம்போடை நான் உள்ளுக்கு வரமாட்டன்."

பிள்ளையை என் கையில் தந்துவிட்டு வெளி வீதியில் நின்று கும்பிட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் நான்கு மாதப் பொய்யும் வெளியே வரும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பெற்றவள் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, முதல் பிடி சோற்றைப் பிள்ளையின் வாயில் நான்தான் தீத்தினேன்.

பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், ஒரு பின்னேரம், நாங்கள் இரண்டு பேரும் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அன்று வெள்ளிக்கிழமை. அவள் கோயில் வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பிள்ளை, நீ குடிச்சது ஈரல் இல்லை. கீரை."

அவள் கை நின்றது. "ஒருநாளும் இல்லையோ?"

"ஒருநாளும் இல்லை. நீ கோயிலுக்குள்ளை போகலாம்."

அவள் இன்னொரு பிடியைக் கட்டி முடித்தாள்.

"ஈரல் எண்டு நினைச்சுத்தானே மச்சாள் நான் குடிச்சனான். மனம் குடிச்சது குடிச்சதுதான்."

அடுத்த வெள்ளியும் வெளியேதான் நின்றாள். நான் நினைத்த விடுதலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

"அப்ப நான் செத்துப் போயிருந்தால்?" என்று கேட்பாள் என்று, உண்மையைச் சொன்ன அன்று முழுக்கக் காத்திருந்தேன். ஏச்சு வாங்க ஆயத்தமாய் இருந்தேன். கேட்கவில்லை. இப்போது நாங்கள் இரண்டு பேரும் கிழவிகள். அவள் அடுத்த அறையில்தான் படுக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.