பெடல் யார் காலுக்கு?

கத்தி இறங்கவில்லை.

கம்பள ஆலையில் நாங்கள் பயன்படுத்தும் வளைந்த கத்தி அது. தடித்த கம்பளத்தையே வெண்ணெய் மாதிரி வெட்டும். இரண்டு விரல் அகலமுள்ள பெல்ட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. கார் இருக்கையில் என் மனைவி ஹேசல். தோள் இரண்டையும் பெல்ட் அழுத்திக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

கிர்ரிக்...

பெல்ட் இன்னும் ஒரு பல் இறுகியது.

அந்தக் காரில் பாட்டரி இல்லை. பெட்ரோல் டாங்க் இல்லை. சக்கரங்கள்கூடத் தரையில் படவில்லை, நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. பெல்ட்டைப் பிடித்து இழுக்க, எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த கராஜில் யாரும் இல்லை.

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. என் பெயர் நைஜல். சனிக்கிழமை இரண்டு கிளாஸ் பியரைத் தாண்டாதவன். பேய், பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டால் சிரிக்கிறவன். இங்கிலாந்தில், கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில் அதே வீட்டில்தான் இன்னமும் இருக்கிறேன். நேரில் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

கிட் கார் என்பது கடையில் முழுசாக வாங்குகிற கார் அல்ல. பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வாங்கி, பழைய கார் ஒன்றின் இன்ஜினைப் பிடுங்கி, வீட்டிலேயே கோத்துக்கொள்கிற இரண்டு இருக்கை வண்டி. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கராஜில் அப்படி ஒன்று பாதியில் நிற்கும். பாதியில் நிற்பது விலைக்கு வரும். வாங்குகிறவனும் பாதியில் விடுவான். நானும் பாதியில் நின்ற ஒன்றைத்தான் வாங்கினேன், வில்ஃப் என்ற பெரியவரிடம்.

"இடுப்பு வலிக்குதுப்பா. இவ்ளோ தாழ்வா உக்கார முடியல" என்றார். விலை மலிவு. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கார் ஓடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஹேசலுக்குப் பள்ளிக்கூட சமையலறையில் வேலை. அந்தச் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போதாது. பாங்கிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

"அதை வித்துடு, நைஜல்."

"வசந்தத்துக்குள்ள முடிச்சுடுவேன்."

"எந்த வருஷத்து வசந்தம்?"

அந்த வாரம்தான் அவள் தன் தையல் மெஷினை விற்றிருந்தாள்.

"என் மெஷின் ஓடுற மெஷின். உன் கார் ஓடாத கார். இந்த வீட்ல ஓடுறதைத்தான் முதல்ல விக்கணுமா?"

முடிக்காத கிட் காருக்கு, போட்ட காசில் பாதி திரும்பினாலே பெரிது. முடித்து, அரசாங்கச் சோதனையில் தேறி, நம்பர் பலகை மாட்டிவிட்டால் விலையே வேறு. இதைத்தான் அவளிடம் சொன்னேன். ஒன்பது வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சரி விடு. வீடு போனா கார்லயே குடியிருந்துக்கலாம். கூரை இருக்கா அதுக்கு?"

இல்லை. அந்த வகைக் கார்களுக்குக் கூரை கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

வீம்புக்கு வேலையைத் தொடங்கினேன். வில்ஃப் மாட்டியிருந்ததையெல்லாம் வாங்கிய புதிதிலேயே கழற்றிப் போட்டிருந்தேன். கிட் கார் கோக்கிறவர்களின் வழக்கம் அது. அடுத்தவன் முறுக்கிய போல்ட்டை எவனும் நம்ப மாட்டான். அந்த டிசம்பரில்தான் இருக்கையை மறுபடி பூட்டினேன். இந்தக் காரில் இருக்கையை முன்னே பின்னே தள்ளிக்கொள்ள முடியாது. ஓட்டுகிறவன் காலை அளந்து, அவனுக்கென்றே இருக்கையையும் பெடல்களையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். உடம்பை அளந்து சட்டை தைப்பது மாதிரி. நான் ஆறடி. என் அளவுக்கு இறுக்கினேன். ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். நட்டு ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் மாலை ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

பெடல்கள் என்னை நோக்கி வந்திருந்தன. இரண்டு துளை தள்ளி.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு உடையவில்லை. வேறு துளை, வேறு இடம்... ஆனால் நான் போட்ட அதே கோடு, முழுசாக.

அசதியில் தப்பாக மாட்டியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். கழற்றி மாற்றினேன். இரண்டு நாள் கழித்து இருக்கையே முன்னால் வந்திருந்தது. அதை நகர்த்த வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நான்கு போல்ட்டைக் கழற்ற வேண்டும். அரை நாள் வேலை. அப்புறம் தோள் பெல்ட் குட்டையாகியிருந்தது. அப்புறம் கண்ணாடி கீழே பார்க்கத் திரும்பியிருந்தது.

யாரோ குள்ளமான ஒருவர், கொஞ்சம் கொஞ்சமாக, என் காருக்குள் தனக்கு இடம் செய்துகொண்டிருந்தார்.

நாலரை மணிக்கே இருட்டிவிடும் பருவம் அது. ஒரு மாலை வேலை முடிந்து நனைந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தேன். சமையலறையில் ஹேசலின் குரல்.

"போதும், வெளிய வா! டீ ஆறுது!"

கராஜை ஒட்டிய சுவரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்...

கிர்ரிக்... கிர்ரிக்... கிர்ரிக்...

ஸ்பானர் போல்ட்டை முறுக்குகிற சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

"ஹேசல்" என்றேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் ஈரக் கோட்டைப் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

சத்தமும் நின்றது.

"அப்போ... உள்ள யாரு?"

கராஜ் பூட்டு வெளியே தொங்கியது. சாவி என் பையில். திறந்தேன். விளக்கு அணைந்திருந்தது. போட்டேன். ஆள் இல்லை. இருக்கையின் மேல் ஸ்பானர் கிடந்தது. எடுத்தேன்.

பனிக் குளிரில் இரும்பு சுட்டது. வெகுநேரம் ஒரு கை பிடித்திருந்த சூடு.

பெடல்களைப் பார்த்தேன். இருக்கையைப் பார்த்தேன். கதவருகில் நின்ற ஹேசலைப் பார்த்தேன். ஐந்தடி தாண்டாதவள்.

"இதுல எப்பவாவது உக்காந்தியா?"

"அந்தத் தகரத்துலயா? காசு கொடுத்தாலும் மாட்டேன்."

"எல்லாமே உன் அளவுக்கு வந்து நிக்குது."

பெடல்களை எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்குப் பதில் அறைந்தே இருக்கலாம்.

"ஓ... இப்ப இது வேறயா? பேய் பிடிச்ச காரை எவனும் வாங்க மாட்டான், அதானே? விக்காம இருக்க இன்னொரு சாக்கு!"

"நீயும்தானே சத்தம் கேட்டே?"

"எலி. பக்கத்து வீட்டுக்காரன். என்னமோ ஒண்ணு. தள்ளு. உன் பேய் என்னை என்ன பண்ணுதுன்னு பார்க்கறேன்."

தடுப்பதற்குள் பக்கவாட்டுக் கம்பியைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டாள். சாய்ந்தாள். காலை நீட்டினாள். இரண்டு பாதமும் இரண்டு பெடலில் போய் அமர்ந்தன. வீம்பாக பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

டக்.

"பார்த்தியா? ஒண்ணுமே..."

முடிக்கவில்லை.

கிர்ரிக்...

"நைஜல், இழுக்காதே."

நான் நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

கிர்ரிக்...

"நைஜல்... வலிக்குது..."

ஓடினேன். பெல்ட்டின் பூட்டை அழுத்தினேன். அசையவில்லை. கத்தியை எடுத்தேன். இறங்கவில்லை.

கிர்ரிக்...

அவள் கண்கள் மேலே போயின.

யாரிடம் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. காரிடமா, இருட்டிடமா...

"வித்துடறேன்! காரை வித்துடறேன்!"

டக்.

பூட்டு தானாகத் திறந்தது.

தரையில் உட்கார்ந்து அவள் வெகுநேரம் இருமினாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. மூச்சு திரும்பியதும் ஒன்றுதான் சொன்னாள்.

"நான் எத்தனை தடவை கேட்டேன். இந்த வார்த்தை என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல."

மறுநாளே விளம்பரம் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ட்ரெய்லரோடு வந்தான் ரஸ்ஸல். லாரி ஓட்டுநர். கல்யாணம் ஆகாதவன், வூஸ்டரில் அக்காவோடு குடியிருக்கிறான். கதவில் தலை இடிக்கிற உயரம். இருக்கையில் இறங்கப் பார்த்தான். முழங்கால் மார்பில் முட்டியது.

"இதுவரைக்கும் யாருப்பா ஓட்டினது, பள்ளிக்கூடப் பிள்ளையா?"

அவனுக்குப் பொருந்தவில்லை. கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

"ஏன் விக்கிற?"

"இடுப்பு வலி" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

போட்டதில் பாதிக்கும் கீழே பேசினான். ஒத்துக்கொண்டேன். அன்றே பணம் பாங்குக்குப் போனது. வீடு தப்பியது. வெறும் கராஜில் எண்ணெய்க் கறையை மிதித்துக்கொண்டு நின்றேன். ஹேசல் எட்டிப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷம். மிச்சம் ஒரு கறை" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு மாலை ரஸ்ஸல் போன் செய்தான். குதூகலமான குரல்.

"தலைவா, தேங்க்ஸ்! எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டலாம்னு இருந்தேன். உக்காந்து பார்த்தா தச்சு வச்ச மாதிரி இருக்கு! எப்ப மாத்தினே?"

"எதை?"

"பெடலை. சீட்டை. நேத்து ஏத்தறப்ப குட்டையா இருந்த மாதிரி தோணுச்சு. கண்ணு ஏமாத்திடுச்சு போல. சரி, சோதனைக்குக் கொண்டுபோக இன்ஜின் வாங்கின ரசீது வேணும். இருக்கா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஹேசலிடம் சொல்லவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

ரசீது வில்ஃபிடம்தான் இருக்க வேண்டும். இன்று, நாளை என்று தள்ளி, இரண்டு வாரம் கழித்துத்தான் அவரை அழைத்தேன்.

"வில்ஃப், நைஜல் பேசறேன். உங்க கிட் காரை வாங்கினேனே. இடுப்பு வலி எப்படி இருக்கு?"

"என் இடுப்புக்கு என்னப்பா? நல்லாத்தானே..."

பாதியில் நின்றது பேச்சு. அந்தப் பக்கம் கடிகாரம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் ரசீதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்தான் கேட்டார்.

"சீட்டை மாட்டிட்டியா?"

"ம்."

"யார் காலுக்கு வந்து நின்னுச்சு?"

சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"என் மனைவி காலுக்கு."

"இருக்காளா?"

"இருக்கா. காரைத்தான் வித்துட்டேன்."

நீண்ட பெருமூச்சு.

"பிழைச்சே. எனக்கு அந்தப் புத்தி வரல. என் மனைவி எட்னாவுக்குப் பொருந்துச்சு. விழுந்து விழுந்து சிரிச்சா. சரி, உனக்கே ஓட்டக் கத்துத் தரேன்னு அப்படியே விட்டுட்டேன். மூணாம் நாள் சோபால டிவி பார்த்துக்கிட்டே போயிட்டா. ஒரு நோய் கிடையாதுப்பா அவளுக்கு."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

வைத்துவிட்டார்.

ரஸ்ஸலின் எண்ணை அழுத்தினேன்.

மணி அடித்தது... அடித்தது... எடுத்தது ஒரு பெண் குரல். தூங்காத குரல்.

"ரஸ்ஸல் இருக்காரா?"

"நான் அவன் அக்கா. அவன் போய்ப் பத்து நாளுக்கு மேல ஆச்சு. தூக்கத்துலயே."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நீங்கதானே அந்தக் காரை வித்தவரு? திரும்ப எடுத்துக்கறீங்களா? பணம் கொஞ்சம் குறைச்சே கொடுங்க."

சமையலறையில் ஹேசல் தட்டு கழுவும் சத்தம். ஐந்தடி தாண்டாத ஹேசல். பணம் பாங்கில். கார் வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. வேண்டும் என்று சொல்லவும் வரவில்லை.

"சரி, பரவாயில்லை விடுங்க" என்றாள் அவள். "நானே வச்சுக்கறேன். காலைல அதுல உக்காந்துதான் அழுதேன். அவன் அவ்ளோ பெரிய ஆளு, நான் இத்தனூண்டு... எனக்கு எப்படித்தான் பொருந்துதோ. காலு நேரா பெடல்ல போய் நிக்குது."