படத்தில் இல்லாத காட்சி

கத்தரி என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் பத்திரிகை அலுவலகத்துச் சம்பளப் பட்டியலோடு சரி. ஒரே தினசரியில் தலை நரைக்கும்வரை சினிமா விமர்சனம் எழுதியவர். படம் வெளியான மறுநாள் காலையில், இயக்குநர்கள் பத்திரிகையைத் தாங்கள் தொடாமல் மனைவியிடம் நீட்டி, "நீ முதல்ல படிச்சிட்டுச் சொல்லு" என்பார்களாம். அத்தனை பேருக்குக் குலைநடுக்கம் கொடுத்த மனிதருக்கு எழுபது தாண்டிய பிறகு பயம் வந்தது.

ஞாபகம் போகிறதோ என்கிற பயம்தான் அது. ஒருநாள் அலுவலக லிஃப்டில் ஏறி நின்றவருக்கு எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை. காலமெல்லாம் ஏறி இறங்கிய லிஃப்ட்! "எந்த மாடி சார்?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்க, "உங்க மாடிதான்" என்று சிரித்துச் சமாளித்து, சம்பந்தமே இல்லாமல் விளம்பரப் பிரிவில் போய் இறங்கி, அங்கே எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு வந்தார். இன்னொரு நாள், வெளியூரில் இருக்கும் மகளுடைய கணவர் போனில் வந்தபோது பெயர் வரவில்லை. "சொல்லுங்க மாப்பிள்ளை" என்று ஒப்பேற்றினார். முறை சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் எவனோ, அவன் நல்லா இருக்கட்டும்.

இதையெல்லாம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவியிடம் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தார். வாய் திறந்தால் விஷயம் உண்மையாகிவிடும்போல் இருந்தது. விட்டுவிட்டார்.

பயப்படாமல் என்ன செய்வார்? மனிதருடைய சொத்தே அந்த ஞாபகம்தான். மற்ற விமர்சகர்கள் இருட்டில் பேனாவும் காகிதமுமாகக் கிறுக்கிக்கொண்டிருப்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஒருமுறைதான் பார்ப்பார். "ரெண்டாம் தடவை பாத்தா படத்து மேல பாசம் வந்துடும். அப்புறம் எங்க விமர்சனம் பண்றது?" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் பத்திரிகை அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காலத்துப் படங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் இன்றைக்குப் பிரதியே கிடையாது. சுருள்கள் கிடங்குகளில் கிடந்து புளித்து, ஒட்டிக்கொண்டு, குப்பைக்குப் போய்விட்டன. கத்தரியின் தலைக்குள் ஓடினால்தான் உண்டு.

ஓடவும் ஓடியது, வெட்டவும் வெட்டியது. ஊரே கொண்டாடிய ரயில் படத்தைப் பற்றி, "அதில் ரயில் மட்டும்தான் இயல்பாக நடித்தது" என்று எழுதினார். ராஜா ராணிப் படங்களின் நாயகர்கள் தலை நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் வீரமில்லை, கிரீடம் விழுந்துவிடுமோ என்ற கவலை என்றார். ஒரு வாரம்கூட ஓடாத ஒரு நகைச்சுவைப் படத்தைத் தூக்கிவைத்து ஆடினார். வாசகர்கள் திட்டிக்கொண்டே விடாமல் படித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுதியது ஒரு பழைய குடும்பப் படத்தைப் பற்றி. முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்துவிட்ட ஒரு தம்பதியின் கதை. மற்றதெல்லாம் வெறும் அழுகாச்சி என்று ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு காட்சியை மட்டும் மனிதர் உருகி உருகி எழுதியிருந்தார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, பிறக்கப்போகும் குழந்தைக்கென்று தைத்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்கிறாள். மூட்டையாகக் கட்டி நகர்த்துகிறாள். "யாருக்காவது குடுத்துடுங்க. எங்கன்னு நான் கேட்டாலும் சொல்லாதீங்க" என்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கேமரா வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. அவள் அருகே போகாமல் எட்டி நின்ற அந்த அடக்கத்தை இன்றைய இயக்குநர்கள் கற்க வேண்டும்" என்று முடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை, ஞாயிறு மலரைப் பார்த்துக்கொள்ளும் பெண் உதவி ஆசிரியர், அலுவலகத்துக்கு வந்திருந்த அவரைத் தன் மேசைக்கு அழைத்தார்.

"சார், அந்தப் படத்தோட ஃபிலிம் பெட்டி ஒரு பழைய தியேட்டர்காரங்க வீட்டுல கெடைச்சிருக்கு. நெட்ல போட்டிருக்காங்க. நம்ம வாசகர்கள் பாத்துட்டு, நீங்க எழுதின சீன் அதுல இல்லைங்கறாங்க."

"நல்லாப் பாக்கச் சொல்லுங்கம்மா."

"நானும் பாத்தேன் சார்."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினியைத் திருப்பி வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தரி ஒரு படத்தை இரண்டாம் தடவை பார்த்தார். வீடு, மாடிப்படி, குடைபிடித்த டாக்டர், எல்லாம் அவர் ஞாபகத்தில் இருந்த வரிசையிலேயே வந்தன. அப்பாடா என்றிருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. நாயகி வெறும் தொட்டிலைக் கட்டிக்கொண்டு புரண்டு அழுதாள். கேமரா அவள் மூக்கு நுனிவரை போய் நின்றது. கூடவே ஒரு பாட்டு. துணி இல்லை, மூட்டை இல்லை, வாசலும் இல்லை.

"சென்சார்ல வெட்டியிருப்பாங்களோ என்னவோ" என்றார். குரல் அவருக்கே யாருடையதோபோல் கேட்டது.

"இருக்கலாம் சார்" என்றார் அந்தப் பெண். எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிறவர், இன்றைக்கு உடனே ஒத்துக்கொண்டார். அந்தக் கனிவு அவரை இன்னும் கலக்கியது. "வேற படத்துல பாத்திருப்பீங்க. எதுன்னு சொன்னா ஒரு திருத்தம் போட்டுடலாம்."

பேருந்தில் வீடு வரும்வரை தலைக்குள் படம் படமாக ஓட்டிப் பார்த்தார். எதிலும் அந்தக் காட்சி இல்லை. கண்ணை மூடினால் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. இடது பக்கம் ஜன்னல், அவள் கையில் ஒரு மஞ்சள் சட்டை. மஞ்சள்! அது கறுப்பு வெள்ளைப் படமல்லவா? இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தார்.

மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டுத் தன் பேச்சை அளந்து பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுவும் குறைந்திருந்தது. முழங்கால் வலியாக இருக்கும் என்று இவர் விட்டுவிட்டார்.

உட்காரும்போதே உடைந்துபோய்ச் சொல்லிவிட்டார். லிஃப்ட், மாப்பிள்ளை பெயர், இன்றைக்குப் பார்த்த படம், எல்லாம். "எனக்கு மூளை கலங்குது. இல்லாத சீனை இருக்குன்னு எழுதியிருக்கேன். பயமா இருக்கு."

"லிஃப்ட் தெரியாது. மத்தது தெரியும்" என்றார் மனைவி. "அந்த சீன் எந்தப் படத்துலயும் வராதுங்க. நம்ம வீட்டுல நடந்தது."

"நம்ம வீட்டுலயா?" என்று நிமிர்ந்தார்.

"நம்ம மொதக் குழந்தை. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ரெண்டாம் நாள், துணியெல்லாம் மடிச்சிக் குடுத்தேன். நீங்க வாங்கிட்டுப் போனீங்க. அப்புறம் அப்படியே இந்தப் படம் பாக்கப் போயிட்டு, விமர்சனம் எழுதிட்டுத்தான் வந்தீங்க."

அறை, ஜன்னல், மஞ்சள் சட்டை எல்லாம் ஒரு நொடியில் இடம் மாறி உட்கார்ந்தன. வாசலில் நின்றது கேமரா இல்லை, அவர்தான்.

"கிட்ட வராம எட்டி நின்னது நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க" என்றார் மனைவி. "அன்னிக்கு எனக்கு நல்லா இல்ல."

அவர் அழுதார். மனைவி அழவிட்டுக் காத்திருந்தார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டார்.

"இத்தனை வருஷம் நான் கேக்கல. கேட்டாலும் சொல்லாதீங்கன்னு சொன்னவ நான்தான். எங்க போச்சுங்கறது உங்க ஞாபகத்துல பத்திரமா இருக்குன்னு ஒரு தைரியம். ஞாயித்துக்கிழமை அதைப் படிச்சதும் அந்தத் தைரியம் போச்சு. இப்ப கேக்கறேன். அந்த மூட்டைய யார்கிட்ட குடுத்தீங்க?"

அவர் தேடினார். கிடைத்தது. பேருந்து நிறுத்தம், மழை, வயிற்றுப்பிள்ளையோடு ஒரு பெண் வாங்கிக்கொள்கிறாள். சொல்ல வாயெடுத்தபோது இன்னொன்று வந்தது. பாலத்தின்மேல் நின்று மூட்டையை ஆற்றில் விடுகிறார். அதற்குப் பின்னால் மூன்றாவது. தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, வாசலில் வைத்துவிட்டு, யாரும் வருவதற்குள் ஓடுகிறார். மூன்றும் தெளிவாக இருந்தன. ஏதாவது ஒன்றைச் சொன்னால் மனைவி நம்பிவிடுவார். சரிபார்க்க உலகத்தில் ஆளில்லை.

"மூணு வருது. எது நெசம், எது சினிமான்னு தெரியல" என்றார்.

மனைவி அவர் கையைப் பிடித்து மேசைமேல் அழுத்திக்கொண்டார்.

"மூணையும் சொல்லுங்க. எதுல நெசமாவே நீங்க இருக்கீங்கன்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

முதலில் இருந்து தொடங்கினால், சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது போய்விடுமோ என்று பயந்து, அவர் மூன்றாவதைத்தான் முதலில் சொல்ல ஆரம்பித்தார்.