மிருகம் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை

அஜ்மானில் என் கம்பெனி வேலை முடிந்தது. பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையில் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விமானம். ஐந்து வருஷம் கழித்து ஊருக்குப் போகிறேன்.

என் தங்கை புருஷன் பாலைவனத்துக்குள் ஓர் அரபியின் மிருகத் தோட்டத்தில் இருந்தார். கலியாணமான இருபதாம் நாள் வந்தவர். மூன்று வருஷமாக லீவு இல்லை. பதில் ஆளை நிறுத்திவிட்டுப் போ என்று அரபி சொல்லிவிட்டார். ஆள் கிடைக்கவில்லை.

மச்சான் தண்ணீர் லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். "தங்கச்சிக்குச் சாமான் குடுத்து விடணும். வெள்ளிக்கிழமை வா. பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு வா, கேட்ல காட்டணும்."

அதே லாரியில் போனேன். கேட்டில் காவலுக்கு இருந்த பாகிஸ்தான் பட்டாணி, பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே வைத்தார். டிக்கெட்டும் அதற்குள் இருந்தது.

"போறப்ப தருவாங்க மாப்ள. வா, மிருகத்தப் பாரு" என்றார் மச்சான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தவை. நாய்க்குட்டி அளவு, கறுப்பு. கங்காருவுக்கு இருப்பதுபோல வயிற்றில் பை. ஆனால் கறி தின்னும். அவற்றுக்கு ஏசி அறை. மச்சானுக்குத் தகரக் கொட்டகை.

"உங்களுக்கு ஏசி இல்லையா மச்சான்?"

"நான் அழிஞ்சா யாருக்கு நஷ்டம்? இது அழியக் கூடாதாம். வெள்ளைக்கார டாக்டர் சொல்றாரு."

பாதி ஆட்டை உள்ளே போட்டார். தகரத்தைத் தரையில் இழுப்பது போலக் கத்தின. ஒன்றின் முகத்தை ஒன்று கடித்தது. எலும்பு, தோல், குளம்பு எதுவும் மிஞ்சவில்லை.

"கைய முன்னால நீட்டாத. கறி வாளிய மொதல்ல தள்ளு" என்று தன் கையைக் காட்டினார். கட்டைவிரல் பாதிதான் இருந்தது.

ஒரு பெட்டை மூலையில் படுத்திருந்தது.

"இருபது முப்பது குட்டி போடும். காம்பு நாலுதான். மொதல்ல போய்க் கவ்வுனது பொழைக்கும்."

"மத்தது?"

"மத்தது என்ன, சாகும்." சிரித்தார்.

வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தேன். வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

சோறு போட்டார். நான் சாப்பிடும்போது கை கழுவப் போனவர் திரும்பவில்லை. லாரிச் சத்தம் கேட்டது. எச்சில் கையோடு ஓடினேன். மச்சான் முன் சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பட்டாணி கேட்டைச் சாத்தினார்.

"பாஸ்போர்ட், பாய்."

"மாஃபி, இங்க இல்ல. முதலாளிகிட்ட போயிருச்சு. இனிமே நீதான் இங்க ஆள்" என்றார் இந்தியில்.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஆட்டுத்தலை வெட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம் போனது.

நாலு மாதம் கழித்துத் தங்கையின் கடிதம் வந்தது. 'அவுக வந்துட்டாக. நீயே வலிய வந்து அவுக வேலையை ஏத்துக்கிட்டு அனுப்பி வச்சியாம். உன்ன மாதிரி அண்ணன் யாருக்குக் கெடைப்பான். இனி அவுகள அனுப்ப மாட்டேன்.'

நடந்ததை அவளுக்கு எழுதவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை.

அரபியிடம் கேட்டேன். அதே பதில்தான். ஆள் வைத்துவிட்டுப் போ.

இரண்டு வருஷம் ஆனது. இடது கையில் இரண்டு விரல் போனது. அஜ்மானில் என்னோடு ஒரே ரூமில் இருந்த கொத்தனார் ஊருக்குப் போகிறார் என்று லாரிக்காரர் சொன்னார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்.

"ஆஸ்திரேலியா மிருகம் இருக்கு, பாக்க வரச் சொல்லுங்க" என்றேன். "பாஸ்போர்ட் கொண்டுவரணும். கேட்ல காட்டணும்."

வெள்ளிக்கிழமை வந்தார். எனக்கு ஊறுகாய் வாங்கி வந்திருந்தார். ஏசி அறைக்குக் கூட்டிப்போனேன்.

வாளியை முதலில் தள்ள வேண்டும் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.