பங்கை விற்கும் முன் கம்பம் போனோம்

மதுரையில் எம்.பி.ஏ. படிக்கும் நாங்கள் பதினோரு பேர் நிஜப் பணத்தில் ஒரு பங்கு முதலீட்டுக் கணக்கை நடத்துகிறோம். முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணம். அதன் லாபத்தில்தான் ஜூனியர்கள் இருவருக்குத் தேர்வுக் கட்டணம் போகிறது. அதனால் விளையாட்டில்லை.

சொட்டுநீர்க் குழாய் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்கு சரிந்துகொண்டே வந்தது. விற்றுவிடலாம் என்று அறிக்கை எழுதியவன் நான். மல்லுக்கு நின்றவள் ஜெனிபர். தேனி பஜாரில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். அந்தப் பங்கை வாங்கச் சொன்னவளும் அவள்தான். "ஸ்கிரீனப் பாத்தே எழுதிட்ட. கம்பத்துக்கு வந்து பாரு, அந்தக் குழாய் இல்லாத தோட்டமே கெடையாது" என்றாள். திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினோம்.

தேனி வரை எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே பஸ் மாறினால் கம்பத்துக்கு இன்னும் நாற்பது. சின்னமனூர் தாண்டியதும் நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன். இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரள எல்லை மலை, நடுவே கண் கொள்ளாத பச்சை. சென்னையில் வளர்ந்தவன் வேறென்ன செய்வான்?

கம்பத்தில் ஆட்டோக்காரர் தோட்டத்துக்குப் போய்வர முந்நூறு கேட்டார். பங்கு விஷயமாக வந்திருக்கிறோம் என்றதும் திரும்பிப் பார்த்தார். "பாகப் பிரிவினையா? யாரு பங்கு?"

"ஷேரு மார்க்கெட்டுண்ணே" என்று ஜெனிபர் சிரித்தாள்.

அவர் கொண்டுபோய் விட்டது தனக்குத் தெரிந்த பேச்சியம்மாளின் திராட்சைத் தோட்டத்தில். "குனிஞ்சு வா ஆத்தா, தல இடிக்கும்" என்றபடி அந்த அம்மா முன்னால் போனார். பந்தலுக்குள் நுழைந்து நிமிர்ந்தேன். தலைக்கு மேலே கண்ணுக்கு எட்டிய வரை கருங்குலைகள். இலை வழியாக இறங்கிய வெயில்கூடப் பச்சையாக இருந்தது. காலடியில் கறுப்புக் குழாய். அதில் வெள்ளை எழுத்தில் எங்கள் கம்பெனிப் பெயர். என் அறிக்கையில் வெறும் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, இங்கே வேருக்கு வேர் சொட்டிக்கொண்டிருந்தது. மெய் சிலிர்த்துவிட்டது.

ஜெனிபர் வேலிக்கு அப்பால் பார்த்தாள். "அங்கன புதுசாப் போட்டிருக்காகளே, அதுவும் இந்தக் குழாய்தானா?"

"இல்ல ஆத்தா, அது வேற கம்பெனி. இதுல அடைச்சுக்கிட்டா போன் போட்டாலும் யாரும் வர்றதில்ல. இந்தா வாறோம்னு சொன்னாக, போன வெள்ளாமையே முடிஞ்சு போச்சு."

அதன்பின் அவள் இன்னும் நான்கு தோட்டங்களுக்கு நடந்தாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் சொன்னேன்: "விக்க வேணாம் ஜெனி. அறிக்கைய மாத்தி எழுதுறேன்."

அவள் டீயைத் தொடவில்லை. "நீ மேலேயே பாத்துட்டு வந்த. நான் கீழ பாத்தேன். பழைய தோட்டமெல்லாம் நம்ம குழாய். புதுசுல ஒண்ணுகூட இல்ல. வித்துரலாம்."

திங்கட்கிழமை, விற்கலாம் என்று முதலில் கை தூக்கியது அவள்தான். நானே எழுதிய அறிக்கைக்கு என் கை மெதுவாகத்தான் எழுந்தது. சின்ன நஷ்டத்தோடு வெளியே வந்தோம். ஜூனியர்களின் கட்டணத்துக்குக் குறைவில்லை.

போகிறவர்களுக்கு: தேனியிலிருந்து கம்பம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடியுங்கள், எந்தப் பக்கமானாலும் மலை உண்டு. தோட்டத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள், குலையில் கை வைக்காதீர்கள். பழம் வாசலிலேயே கிடைக்கும். ஆட்டோ வாடகையை ஏறும் முன் பேசுங்கள். முடிந்தால், ஓட்டெடுப்பு எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துப் போங்கள்.