துப்பாமல் விழுங்கிய வைன்

துபாய் ஹோட்டலில் சூப்பர்வைசராக இருந்தபோது, ஒரு நாள் பிரெஞ்சு வைன்களை ருசி பார்க்கும் பயிற்சி நடந்தது. போர்தோ சிவப்பு, அல்சாஸ் வெள்ளை, சொத்தேர்ன் இனிப்பு. ருசித்துவிட்டுத் துப்பச் சொன்னார்கள். எல்லார் முன்பும் துப்பக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டேன்.

பிறகு மகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு காரை ஓட்டினேன். சாலையைக் கடந்தவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். “அப்பா!” என்று மகள் அலறினாள். கார் அவர் முழங்காலை இடித்து நின்றது. ஜெயிலுக்குப் போனால் மகள் என்ன ஆவாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கட்டட வேலை உடுப்பிலிருந்த அவர் ஜன்னலருகே குனிந்தார். தமிழர். வாடை தெரிந்துவிட்டது.

“புள்ளைய வச்சுக்கிட்டு குடிச்சிட்டா ஓட்டுறீங்க? வண்டிய ஓரமா விட்டுட்டு டாக்ஸில போங்கண்ணே” என்றவர், அவரே ஒரு டாக்ஸியை நிறுத்தினார்.

அடிபட்டதா என்றுகூடக் கேட்காமல் ஏறிவிட்டேன். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி மட்டுமே அப்போது இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது.