கை சேர்த்த ஜோடிகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு விட்டுப் போயிற்று. ஆனால் கணியூரில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் நாலு தலைமுறைக்குச் சொல்லுவேன். வேலை நேரத்திலும் அதே நினைப்புதான். அதனாலேயே இரண்டு பனியன் கம்பெனிகளில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது, எண்பத்தேழில், ராயபுரத்துக் கம்பெனி. இங்கும் துரத்தினால் கணியூர் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணி சோற்றைப் போடுவாள்; போட்டதைப் பற்றி மூன்று நாள் பேசுவாள்.

வெட்டி வரும் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஜோடி சேர்த்துத் தையலுக்குக் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு, அத்தை மகள் மருதாளின் பெண்ணைப் பெரியம்மாவின் மகள் வயிற்றுப் பேரனுக்குக் கொடுக்கலாமா என்று யோசித்தபடியே இரண்டு கட்டுகளை ஒன்றாக அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். இரண்டும் வேறு வேறு சலவையில் வெளுத்த துணி. பார்வைக்கு ஒரே வெள்ளை. மாற்றித் தைத்தால், நனைந்ததும் மார்பு வெள்ளையாகவும் முதுகு மஞ்சளாகவும் தெரியும்.

சூப்பர்வைசர் ஆறுச்சாமி வந்து நின்றார்.

"ஏனுங்க பழனாயக்கா, மனசு இன்னைக்கு எந்த ஊர்லீங்க?"

"கணியூர்லீங்க."

"பொழுது சாயறதுக்குள்ள பிரிச்சு வெச்சுப்போடோணும். இல்லீன்னா அந்த ஊருக்கே பஸ் ஏறிக்குங்க."

கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். பக்கத்து மிஷின் நஞ்சம்மாள், "கண்ணு வெளிய உழுந்துரப் போகுதுங்கக்கா" என்று சிரித்தாள். பத்து ஜோடி சேர்த்து ஓரத்தை நனைத்துப் பார்த்ததில் ஆறு தப்பு. இனி அண்ணி முகம்தான். அந்த முகம் நினைவுக்கு வந்ததும் அவள் தங்கை வந்தாள், தங்கை வீட்டுக்காரரின் சித்தப்பா வந்தார், அவர் இரண்டாம் தாரம் கட்டிய கதை வந்தது.

திரும்பிப் பார்த்தால் மேசை காலி. கை பாட்டுக்கு அடுக்கி முடித்திருந்தது. ஆறுச்சாமி அங்கங்கே இருபது ஜோடியை உருவி நனைத்தார். ஒன்றும் பிசகவில்லை.

"எப்புடீங்கக்கா கண்டுபுடிச்சீங்க?"

தெரிந்தால்தானே சொல்ல. ஒரு சலவை கொஞ்சம் வழுக்கும், ஒன்று கொஞ்சம் பிடிக்கும் என்று விரல் தொட்டுத் தொட்டுத் தெரிந்து வைத்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி முன்னால் செய்து காட்டச் சொன்னார்கள். மிகுந்த அக்கறையாகச் செய்தேன். பாதிக்கு மேல் தப்பு. முதலாளி சிரித்துவிட்டு, "அக்காகிட்ட சொந்தக்காரங்களப் பத்திப் பேச்சுக் குடுங்க, வேலை தானா நடக்கும்" என்று சொல்லிப் போய்விட்டார். பதினோரு வருஷம் அங்கேயே இருந்தேன்.

மருதாள் பெண்ணையும் அந்தப் பேரனையும் நானே முன்னால் நின்று சேர்த்துவைத்தேன். ஒரு வருஷம் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். ஆறே மாதத்தில் அவள் பெட்டியோடு தாய்வீடு வந்துவிட்டாள்.